ஹைகோர்ட்டில் பார்த்துக்கொள்ளலாம்

எங்கள் ஆபீஸ் வாசல் பெஞ்சில் உட்காரும் கட்சிக்காரர்களில் பாதிப் பேர் ஒரு தடவையாவது இதைச் சொல்லிவிடுவார்கள்: “இங்க போனா போகுது தம்பி, ஹைகோர்ட்டுல பாத்துக்கிடலாம்.” முன்சீப் கோர்ட்டில் வாய்தா நடந்துகொண்டிருக்கும்போதே சொல்வார்கள். சாட்சிக் கூண்டில் ஏறப்போகிற அன்று காலையில் டீ குடித்துக்கொண்டும் சொல்வார்கள்.

நான் வக்கீல் இல்லை, வக்கீல் குமாஸ்தா. தென்காசி மாவட்டத்தில் ஒரு தாலுகா ஊரில், சிவில் கேஸ் பார்க்கும் ஒருவரிடம் வேலை. வக்காலத்தில் கையெழுத்து வாங்குவது, நகல் மனு போடுவது, கட்டுப் பிரித்துக் கட்டுவது, அடுத்த வாய்தா எப்போது என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்வது எல்லாம் என் பாடு. கட்சிக்காரர் பேச்சை மறுத்துப் பேசும் இடத்தில் நான் இல்லை. ஆனாலும் இந்த ஒரு நம்பிக்கையைப் பற்றி எழுதியே ஆக வேண்டும் என்று தோன்றியது, சென்ற மாதம் ஹைகோர்ட்டின் மதுரைக் கிளையில் தள்ளுபடியான ஒரு இரண்டாம் மேல்முறையீட்டைப் பார்த்த பிறகு. பெயர், சர்வே எண், வழக்கு எண் எதுவும் தர மாட்டேன். அவரை அண்ணாச்சி என்றே எழுதுகிறேன். நேரில் கூப்பிடுவதும் அப்படித்தான்.

அண்ணாச்சிக்கு ஒரு எலுமிச்சைத் தோட்டம். தார் ரோட்டுக்கும் தோட்டத்துக்கும் நடுவில் இன்னொருவர் நிலம். அந்த நிலத்தின் வடக்கு வரப்பை ஒட்டி ஒரு வண்டித்தடம். அண்ணாச்சியின் அப்பா காலத்தில் மாட்டுவண்டி, பிறகு டிராக்டர், அப்புறம் காய் ஏற்றும் லோடு ஆட்டோ என்று எல்லாம் அதில்தான் போய்வந்தன. பழைய சொந்தக்காரர் ஒன்றும் சொன்னதில்லை. அவர் நிலத்தை விற்றார். வாங்கியவர் 2012-ல் சுற்றிலும் கல்லுக்கால் நட்டுக் கம்பி இழுத்துவிட்டார். அண்ணாச்சி முன்சீப் கோர்ட்டில் அசல் வழக்குப் போட்டார். பாதையில் உரிமை உண்டு என்று விளம்புகை, இடைஞ்சல் செய்யக்கூடாது என்று நிரந்தர உறுத்துக் கட்டளை, வேலியை எடுக்கச் சொல்லிச் செயலுறுத்துக் கட்டளை என மூன்று பரிகாரம் கேட்டிருந்தார். வழக்குப் போட்டபோது அந்த ஊர் திருநெல்வேலி மாவட்டம். ஹைகோர்ட் மனுவில் முகவரி எழுதும்போது தென்காசி மாவட்டம் ஆகிவிட்டது. அவ்வளவு காலம் ஓடிய கேஸ்.

முதல் கோர்ட்டில் கேஸ் எங்களிடம் இல்லை, வேறொரு வக்கீலிடம் இருந்தது. அவரைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. “நான் எழுதியிருந்தாலும் அந்த நேரத்துல அப்படித்தான் எழுதியிருப்பேனோ என்னவோ” என்று எங்கள் சாரே சொன்னார். வழக்குரையின் நாலாவது பத்தியில், இந்தப் பாதை இரு தரப்பு முன்னோர்களும் பொதுவாக விட்ட இடம், அதனால் அதில் அண்ணாச்சிக்கும் பங்கு உண்டு என்று இருந்தது. ஆறாவது பத்தியில், இருபது வருஷத்துக்கு மேல் அனுபவித்து வந்ததால் அனுபவத்தின் மூலம் பாதைப் பாத்தியம் கிடைத்துவிட்டது என்று இருந்தது. ஏழாவதில், வேறு வழியே இல்லாததால் அவசியத்தின் பேரில் பாத்தியம் உண்டு என்றும் சேர்த்திருந்தார்கள். படிக்கிறவர்களுக்கு, ஒன்று போனால் இன்னொன்று நிற்கும் என்று தோன்றும். சிக்கல் என்னவென்றால் ஒன்று மற்றதை வெட்டுகிறது.

1882-ஆம் வருஷத்து வசதியுரிமைச் சட்டம் இன்னும் நடப்பில் இருக்கிறது. அதன் 15-ஆவது பிரிவுப்படி, இன்னொருவர் நிலத்தில் சமாதானமாக, வெளிப்படையாக, உரிமையாக, இடைவிடாமல் இருபது வருஷம் போய்வந்திருந்தால் பாதைப் பாத்தியம் கிடைக்கும். அரசு நிலமாக இருந்தால் முப்பது. கவனிக்க வேண்டியது ‘இன்னொருவர் நிலத்தில்’ என்பதை. இது எனக்கும் சொந்தமான இடம் என்று நாலாவது பத்தியில் சொன்ன ஆள், இது அடுத்தவன் இடம், அதில் எனக்கு அனுபவப் பாத்தியம் என்று ஆறாவது பத்தியில் சொல்கிறார். தன் நிலத்தில் தனக்கே யாரும் பாத்தியம் சம்பாதிக்க முடியாது. இரண்டையும் மாற்று வாதமாக, ‘முதலாவது ஏற்கப்படாவிட்டால் இது’ என்று பிரித்து எழுதி, அதற்கேற்ற சாட்சியத்தையும் கொண்டுவந்திருந்தால் பேச இடம் இருந்திருக்கும். எல்லாம் ஒரே மூச்சில் எழுதப்பட்டிருந்தது. பாதையின் அகலமும் ஒரு மாதிரி இல்லை. சொத்து விவரத்தில் சுமார் பத்து அடி, பிரமாண வாக்குமூலத்தில் பன்னிரண்டு அடி, கோர்ட் அனுப்பிய கமிஷனர் போய் சர்வேயரை வைத்து அளந்தபோது எட்டு அடி.

ஆனால் கேஸ் போனது வழக்குரையில் அல்ல, குறுக்கு விசாரணையில். அந்தச் சாட்சியம் கட்டில் இருக்கிறது, நான் எத்தனையோ முறை படித்திருக்கிறேன். நம் கோர்ட் வாக்குமூலங்களைப் பார்த்தவர்களுக்கு அந்த நடை தெரியும். எதிர்த்தரப்பு வக்கீல் கேள்வியாகக் கேட்டது சாட்சியின் வாயிலிருந்து வந்தது போல டைப் ஆகி, கடைசியில் ‘என்றால் சரிதான்’ அல்லது ‘என்றால் சரியல்ல’ என்று முடியும். அண்ணாச்சியுடைய வாக்குமூலம் இப்படிப் போகிறது: ‘எனது தோட்டத்துக்குத் தெற்கே பஞ்சாயத்துச் சாலை உள்ளது என்றால் சரிதான். அந்தச் சாலை வழியாக எனது தோட்டத்துக்குள் செல்ல முடியும் என்றால் சரிதான். அது சுற்றுப்பாதை. பிரதிவாதிக்கு முந்தைய உரிமையாளர் எனது தகப்பனாரின் நண்பர் என்றால் சரிதான். அவர் போக அனுமதித்ததால் நாங்கள் தாவாப் பாதையில் சென்று வந்தோம் என்றால் சரிதான்.’

நாலு ‘சரிதான்’. எல்லாமே உண்மை. அண்ணாச்சி பொய் சொல்கிற ஆள் இல்லை. தெற்கே ரோடு இருக்கிறது என்று ஒத்துக்கொண்டதும் அவசியப் பாத்தியம் போயிற்று. சட்டம் கேட்பது அவசியத்தை, வசதியை இல்லை. சுற்றாக இருந்தாலும் வழி இருந்தால் அவசியம் கிடையாது. அனுமதித்ததால் போனோம் என்றதும் அனுபவப் பாத்தியமும் போயிற்று. அனுமதியின் பேரில் நூறு வருஷம் நடந்தாலும் அது உரிமையாக நடந்ததாகாது. அந்தக் கடைசி ‘சரிதான்’ வரும்போது அவர் அதை மரியாதைக்காகச் சொல்லியிருக்கிறார். “செத்துப்போன மனுசன் தம்பி. அவரு விட்டாருன்னுதானே சொல்லணும். நாங்க அடாவடியா போனோம்னா சொல்ல முடியும்?” என்று என்னிடம் கேட்டார். இதற்கு நான் என்ன பதில் சொல்ல? மறு விசாரணை என்று ஒன்று உண்டு, தன் சாட்சியைத் தன் வக்கீலே திரும்பக் கேட்டு விளக்கம் வாங்குவது. இந்தக் கேஸில் ‘மறு விசாரணை இல்லை’ என்று ஒரு வரி, அதோடு சரி.

2016-ல் வழக்கு தள்ளுபடி. சப் கோர்ட்டில் போட்ட முதல் மேல்முறையீட்டில்தான் கேஸ் எங்கள் ஆபீஸுக்கு வந்தது. சார் கட்டைப் பிரித்ததும் தீர்ப்பைப் படிக்கவில்லை, நேராகக் குறுக்கு விசாரணைக்குப் போனார். படித்து முடித்துவிட்டு, “இதுக்கு மேல என்ன செய்ய முடியுமோ அதை சப் கோர்ட்லதான் செய்யணும்” என்றார். அப்போது எனக்கு அதன் முழு அர்த்தம் பிடிபடவில்லை.

இதுதான் அது. சிவில் கேஸில் முதல் மேல்முறையீடு என்பது முழுக் கேஸையும் திரும்பத் திறப்பது. சாட்சி சொன்னதை நம்பலாமா, ஆவணம் என்ன சொல்கிறது, சட்டம் என்ன சொல்கிறது, எல்லாவற்றையும் அந்த நீதிபதி புதிதாகப் பார்த்தாக வேண்டும். என்னென்ன விஷயங்களைத் தீர்மானிக்க வேண்டும் என்று எழுதி, ஒவ்வொன்றுக்கும் காரணம் சொல்லி முடிவு தர வேண்டும். முதல் மேல்முறையீடு ஒரு மதிப்புமிக்க உரிமை, அங்கே உண்மை, சட்டம் இரண்டையுமே புதிதாக விசாரிக்க இடம் இருக்கிறது என்று 2001-ல் சந்தோஷ் ஹசாரி வழக்கில் உச்ச நீதிமன்றம் அழுத்தமாகச் சொன்னது. அதைத் தாண்டிவிட்டால் உண்மைகளைப் பற்றிய கதவு கிட்டத்தட்ட மூடியாயிற்று. அந்தப் படியில், ஒரு தாலுகா ஊரின் சப் கோர்ட்டில், விசிறிச் சத்தத்துக்கு நடுவே நடக்கும் அரைமணி நேர வாதம்தான் பெரும்பாலான நிலத் தகராறுகளுக்குக் கடைசி வாய்ப்பு. யாரும் அப்படி நினைப்பதில்லை. வக்கீல்களில் சிலர்கூட அதை நடுவில் வரும் ஒரு ஸ்டேஷன் மாதிரிதான் நடத்துகிறார்கள்.

சார் நன்றாகத்தான் வாதாடினார். 2020 பிப்ரவரியில் அதுவும் தள்ளுபடி. இரண்டு கோர்ட்டும் ஒரே முடிவு. நகல் மனு போட்டோம், நகல் வருவதற்குள் ஊரடங்கு வந்துவிட்டது. ஹைகோர்ட்டுக்கு மேல்முறையீடு போக 90 நாள் கெடு. நகல் வாங்க ஆன நாள் அதில் கழியும். நகலின் பின்பக்கம் மனு செய்த தேதி, நகல் தயாரான தேதி எல்லாம் முத்திரையாக இருப்பது அதற்காகத்தான். கொரோனா சமயத்தில் உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து, 2020 மார்ச் 15 முதல் 2022 பிப்ரவரி 28 வரையிலான காலத்தைக் கெடுவில் சேர்க்கக் கூடாது என்று உத்தரவு போட்டது. அதனால் தாமத மன்னிப்பு மனு இல்லாமலே எங்களால் தாக்கல் செய்ய முடிந்தது. அண்ணாச்சி இதையும் நல்ல சகுனமாக எடுத்துக்கொண்டார்.

மதுரையில் பெயர் பெற்ற ஒருவரை அமர்த்தினார். அவருக்குக் கொடுத்த ஃபீஸ், கீழே இரண்டு கோர்ட்டுக்கும் சேர்த்துக் கொடுத்ததைவிட அதிகம். எனக்குத் தெரிந்து எல்லாக் கட்சிக்காரர்களும் இப்படித்தான் செலவு செய்கிறார்கள். முன்சீப் கோர்ட்டில் கமிஷனர் பேட்டாவுக்கும் சர்வேயர் கட்டணத்துக்கும் கணக்குப் பார்ப்பார்கள். சாட்சிக்கு வருகிற பக்கத்துத் தோட்டக்காரருக்கு ஒரு நாள் கூலி கொடுக்க யோசிப்பார்கள். மேலே போகப் போகப் பை திறக்கும். எங்கே பணத்துக்குப் பலன் இருக்கிறதோ அங்கே சிக்கனம், எங்கே பலன் குறைகிறதோ அங்கே தாராளம்.

சிவில் நடைமுறைச் சட்டத்தின் 100-ஆவது பிரிவுதான் இரண்டாம் மேல்முறையீட்டுக்கு வாசல். அந்த வாசல் எப்போதுமே குறுகலாகத்தான் இருந்திருக்கிறது. 1890-லேயே லண்டனில் இருந்த பிரிவி கவுன்சில், துர்கா சௌத்ராணி வழக்கில் சொல்லிவிட்டது: உண்மையைப் பற்றிய முடிவில் தவறு எவ்வளவு பெரியதாகத் தெரிந்தாலும், எவ்வளவு மன்னிக்க முடியாததாக இருந்தாலும், அதற்காக இரண்டாம் மேல்முறையீட்டை ஏற்கும் அதிகாரம் கிடையாது. 1976-ல் கொண்டுவந்த திருத்தம் 1977 பிப்ரவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அது வாசலை இன்னும் குறுக்கியது. இப்போது ‘கணிசமான சட்டக் கேள்வி’ ஒன்று இருந்தால்தான் ஹைகோர்ட் உள்ளே விடும். அந்தக் கேள்வியை மேல்முறையீட்டு மனுவில் துல்லியமாக எழுத வேண்டும். நீதிபதிக்குத் திருப்தியானால் அவர் அந்தக் கேள்வியை வகுப்பார், வகுத்த கேள்வி மேல்தான் வாதம். கேள்வி இல்லையென்றால் வாதமும் இல்லை.

எங்கள் மனுவில் ஐந்து கேள்விகள் எழுதியிருந்தார்கள். நாலு கேள்விகள் ‘கீழமை நீதிமன்றங்கள் சாட்சியத்தைச் சரியான கோணத்தில் பரிசீலிக்கத் தவறியது சட்டப்படி சரியா’ என்கிற பாணியில். இது சட்டக் கேள்வியின் சட்டையை மாட்டிக்கொண்ட உண்மைக் கேள்வி. எல்லா இரண்டாம் மேல்முறையீட்டு மனுக்களிலும் இந்த வரி இருக்கும், எல்லா நீதிபதிகளும் இதைத் தாண்டித்தான் படிப்பார்கள். ஐந்தாவதில் கொஞ்சம் சத்து இருந்தது: கமிஷனர் அறிக்கையில் வண்டித்தடம் இருப்பதாகச் சொல்லியிருப்பதைக் கீழ்க்கோர்ட்டுகள் கவனிக்காமல் விட்டது முடிவையே கெடுக்காதா?

அது நல்ல கேள்வி. ஏனென்றால் வாசல் முழுதாக மூடவில்லை. சாட்சியமே இல்லாமல் ஒரு முடிவுக்கு வந்திருந்தால், முக்கியமான சாட்சியத்தைப் பார்க்காமலே விட்டிருந்தால், ஒரு உரிமைப் பத்திரத்துக்குத் தப்பாக அர்த்தம் பண்ணியிருந்தால், அது சட்டக் கேள்வியாகிவிடும். 103-ஆவது பிரிவின்படி சில சமயம் ஹைகோர்ட்டே உண்மையைத் தீர்மானிக்கவும் முடியும். இப்படி ஜெயித்து வந்த கேஸ்களும் எங்கள் ஆபீஸிலேயே உண்டு.

எதிர்த்தரப்பு கேவியட் (எங்களைக் கேட்காமல் உத்தரவு போடாதீர்கள் என்ற முன்மனு) போட்டிருந்ததால் அவர்கள் வக்கீலும் ஆரம்பத்திலிருந்தே ஆஜர். கேஸ் ‘அட்மிஷன்’, அதாவது மேல்முறையீட்டை எடுத்துக்கொள்வதா என்று பார்க்கும் தலைப்பின் கீழேயே பட்டியலில் வருவதும் போவதுமாக இருந்தது. கடைசியில் ஒருநாள் உறுதியாக எடுப்பார்கள் என்று மதுரையிலிருந்து போன் வந்தது. கட்சிக்காரர் வர வேண்டிய அவசியமே இல்லை என்று சொல்லியும் அண்ணாச்சி கேட்கவில்லை, என்னையும் துணைக்குக் கூட்டிக்கொண்டு கிளம்பினார். ஒத்தக்கடைப் பக்கம் உலகனேரியில் இருக்கும் அந்தக் கட்டடத்துக்குள் அவர் போவது அதுதான் முதல் தடவை. மதுரைக் கிளை 2004 ஜூலையில் திறந்தது. அதற்கு முன்னால் கன்னியாகுமரிக்காரர்கூட மெட்ராஸுக்கு ரயில் ஏற வேண்டும். அந்தக் காலமாக இருந்தால் அண்ணாச்சி இவ்வளவு தூரம் வந்திருப்பாரா என்பதே சந்தேகம்.

கோர்ட் ஹாலில் பின்வரிசையில் நின்றோம். எங்கள் எண் வந்தது. நீதிபதி கட்டை முன்பே படித்திருந்தார் என்பது முதல் கேள்வியிலேயே தெரிந்தது. “இரண்டு கோர்ட்டும் ஒரே முடிவு. சட்டக் கேள்வி என்ன?” என்றார். எங்கள் மதுரை சீனியர் சுற்றி வளைக்கவில்லை, நேராக ஐந்தாவது கேள்விக்குப் போனார். நீதிபதி முன்சீப் தீர்ப்பைப் புரட்டி ஒரு பத்தியைக் காட்டினார். கமிஷனர் அறிக்கையைப் பற்றி அங்கே எழுதியிருக்கிறது: சக்கரத் தடம் இருப்பது வண்டி போனதைக் காட்டும், இருபது வருஷம் போனதையோ உரிமையாகப் போனதையோ காட்டாது. ஆக, பார்க்காமல் விடவில்லை. பார்த்து, போதாது என்று சொல்லியிருக்கிறார்கள். பார்க்காமல் விட்டால் சட்டக் கேள்வி, பார்த்து ஏற்கவில்லை என்றால் உண்மைக் கேள்வி. அந்த மெல்லிய கோட்டுக்கு எந்தப் பக்கம் நிற்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருந்தது, நாங்கள் தப்பான பக்கம் நின்றோம்.

இன்னொரு மனுவும் இருந்தது. ஹைகோர்ட்டுக்குப் போகும்போது அண்ணாச்சி வீட்டு டிரங்குப் பெட்டியிலிருந்து 1958-ஆம் வருஷத்துப் பாகப்பிரிவினைப் பத்திரம் ஒன்று கிடைத்தது. அதில் ‘நடைபாதை, வண்டிப்பாதை பாத்தியம் உள்பட’ என்று ஒரு வரி. அதைக் கூடுதல் சாட்சியமாக ஏற்கச் சொல்லி மனுப் போட்டிருந்தோம். 41-ஆவது ஆணை, 27-ஆவது விதி அதற்கு இடம் தருகிறது, ஆனால் நிபந்தனையோடு. உரிய முயற்சி எடுத்தும் முன்னால் கொண்டுவர முடியவில்லை என்று காட்ட வேண்டும், அல்லது தீர்ப்புச் சொல்ல அது இல்லாமல் முடியாது என்று கோர்ட்டே நினைக்க வேண்டும். “எங்கே இருந்தது?” என்று நீதிபதி கேட்டார். கட்சிக்காரர் வீட்டில் என்றுதான் சொல்ல முடியும். அதோடு அந்தப் பத்திரம் அண்ணாச்சி குடும்பத்துக்குள் எழுதிக்கொண்டது. பக்கத்து நிலத்துக்காரர் அதில் கையெழுத்துப் போடவில்லை, அதனால் அவரைக் கட்டுப்படுத்தாது. அந்த ஒரு வரியை மட்டும் வைத்துக்கொண்டு முதல் கோர்ட்டில் பழைய சொந்தக்காரரின் மூலப்பத்திரத்தைத் தேடிப் பிடித்திருந்தால், அதில் ஏதாவது இருந்திருக்கலாம். இல்லாமலும் போயிருக்கலாம்.

மொத்தம் பத்து நிமிஷம் ஆகியிருக்காது. அடுத்த எண்ணைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

வெளியே வராந்தாவில் அண்ணாச்சி கேட்ட முதல் கேள்வி: “முடிஞ்சிட்டா?” இரண்டாவது கேள்வி: “அப்ப ஜட்ஜய்யா நம்ம பாதையைப் பாக்கவே இல்லியா?” சீனியர் கோட்டைக் கழற்றியபடி, “அது அவர் வேலை இல்லைங்க” என்றார். சட்டப்படி முழுக்கச் சரியான பதில். பன்னிரண்டு வருஷம் காத்திருந்த ஆளுக்கு அது பதிலாகவே படவில்லை என்பது அவர் நின்ற நிலையிலேயே தெரிந்தது.

உத்தரவு நகல் பிறகு வந்தது. ஒன்பது பக்கம். முதல் ஐந்து பக்கம் கேஸின் கதை, கீழ்க்கோர்ட்டுகள் என்ன சொன்னது. அடுத்த மூன்றில் எங்கள் வாதமும் அதற்குப் பதிலும். கடைசிப் பக்கத்தில் வழக்கமான முடிவு: சட்டக் கேள்வி எதுவும் எழவில்லை, இரண்டாம் மேல்முறையீடு அனுமதி நிலையிலேயே தள்ளுபடி செய்யப்படுகிறது, செலவுத்தொகை இல்லை, தொடர்புடைய இதர மனுக்கள் முடித்துவைக்கப்படுகின்றன. அந்த 1958-ஆம் வருஷத்துப் பத்திரமும் அந்த ‘இதர’த்துக்குள் அடங்கிவிட்டது.

ஊரில் என்ன பேசிக்கொண்டார்கள் என்றால், ‘ஹைகோர்ட்டே அண்ணாச்சி மேலதான் தப்புன்னு சொல்லிட்டு’. அப்படி ஹைகோர்ட் சொல்லவில்லை. தள்ளுபடி பல மாதிரி. வக்கீல் ஆஜராகாமல் தள்ளுபடியானால் காரணம் காட்டித் திரும்ப உயிர்ப்பிக்கலாம். கெடு தாண்டியதால் தள்ளுபடியானால் உள்விஷயம் தொடப்படவே இல்லை. முழு வாதம் கேட்டுத் தள்ளுபடியானால் அது வேறு. இது, நாங்கள் பார்க்கும்படியான கேள்வி எதுவும் இங்கே இல்லை என்று சொன்ன தள்ளுபடி. ஆனால் பலன் என்று பார்த்தால் முன்சீப் கோர்ட் தீர்ப்பு அப்படியே நிற்கிறது. வேலிக்காரருக்கு இந்த வித்தியாசமெல்லாம் தேவையில்லை.

வேலிக்காரரைப் பற்றியும் ஒரு வார்த்தை. அவரும் பன்னிரண்டு வருஷம் வக்கீல் ஃபீஸ் கொடுத்தவர்தான். நிலத்தை விற்கவும் முடியாமல், கேஸ் இருக்கிறது என்பதால் நல்ல விலையும் கிடைக்காமல் இருந்தார். மூன்று கோர்ட்டிலும் ஜெயித்து, செலவுத்தொகையாக மேலே ஒரு பைசா வரவில்லை. உண்மையைப் பற்றிய தகராறு எங்கேயாவது ஒரு இடத்தில் நிற்கத்தான் வேண்டும், இல்லாவிட்டால் இவர் மாதிரி ஆட்களுக்கு முடிவே கிடையாது. 100-ஆவது பிரிவு நியாயமானது என்றுதான் நினைக்கிறேன். என் புகார் வேறு. கதவு முன்சீப் கோர்ட்டிலும் சப் கோர்ட்டிலும் மூடிவிடும் என்றால், அந்த இரண்டு இடத்தையும் அதற்குத் தகுந்த மாதிரி யாரும் நடத்துவதில்லை. சாட்சி ஏறும் முன் கட்சிக்காரரை ஒரு மணி நேரம் உட்காரவைத்துப் பேசும் ஆபீஸ் எத்தனை? குறுக்கு விசாரணையில் வரக்கூடிய பத்துக் கேள்விகளை அவருக்குக் காட்டுகிறவர்கள் எத்தனை பேர்? பொய் சொல்லச் சொல்லிக் கொடுப்பதைச் சொல்லவில்லை. ‘அனுமதித்தார்’ என்பதற்கும் ‘தடுக்கவில்லை’ என்பதற்கும் நடுவில் ஒரு தோட்டத்துப் பாதையே இருக்கிறது என்பதை அந்த மனுஷனுக்கு யாராவது புரியவைத்திருக்க வேண்டும். பழைய சொந்தக்காரர் தடுக்கவில்லை என்பதும் உண்மைதான்.

இப்போதெல்லாம் எங்கள் ஆபீஸில் புதுக் கேஸ் வந்தால், டிரங்குப் பெட்டி, பீரோ, பரண் என்று வீட்டில் இருக்கும் எல்லாக் காகிதத்தையும் அள்ளிக்கொண்டு வரச் சொல்கிறேன். மின்சார ரசீது, கல்யாணப் பத்திரிகை எல்லாம் சேர்ந்துதான் வரும். பரவாயில்லை, நான் பிரித்துக்கொள்கிறேன்.

டெல்லிக்குப் போகலாமா என்று அண்ணாச்சியின் மகன் கேட்டான். அரசியல் சட்டத்தின் 136-ஆவது பிரிவின்படி உச்ச நீதிமன்றத்தில் சிறப்பு அனுமதி மனு போடலாம், 90 நாள் கெடு. அது உரிமை இல்லை, கோர்ட் விரும்பினால் தரும் அனுமதி. மூன்று கோர்ட்டில் ஒரே மாதிரி முடிவான பாதைத் தகராறை அங்கே எடுத்துக்கொள்வார்கள் என்று சார் நினைக்கவில்லை. மறுசீராய்வு மனுவும் வேண்டாம் என்றுவிட்டார். அது பெரும்பாலும் பதிவேட்டில் கண்ணுக்குத் தெரியும் பிழைக்குத்தான், தீர்ப்புப் பிடிக்கவில்லை என்பதற்கு இல்லை. “அந்தக் காசுக்கு அந்த நிலத்துலயே ஒரு கீத்து வாங்கிப்புடலாம்” என்று சார் சொன்னது பேச்சுவாக்கில்தான். மகன் அதைப் பிடித்துக்கொண்டான்.

இரண்டு தரப்புக்கும் வேண்டிய ஒரு ஆள் மூலம் இப்போது பேச்சு நடக்கிறது. வேலிக்காரரும் பிடிவாதமாக இல்லை, ஜெயித்த பிறகு மனசு இறங்குவது சுலபம்தானே. கிரயமா, இல்லை பாதைப் பாத்தியம் மட்டும் கொடுத்து எழுதிக்கொள்வதா என்பது முடிவாகவில்லை. எதுவானாலும் பதிவு செய்த பத்திரமாக இருக்க வேண்டும், வரைபடம் இணைத்து அகலத்தை அடியிலும் மீட்டரிலும் எழுத வேண்டும் என்று சார் சொல்லிவிட்டார். வேலிக்காரர் எட்டு அடி என்கிறார். அண்ணாச்சி பத்துக்குக் குறைய மாட்டேன் என்கிறார், லோடு ஆட்டோ திரும்ப வேண்டுமாம்.